ஐம்பொறியும் ஒரு தீப்பொறியும்

ஏற்காட்டில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஆக நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தம்பி, எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஆவது என்று முடிவெடுத்துவிட்டாய். சேலத்தில் உட்கார்ந்து எடுத்திருந்தால் நல்ல முடிவு. நீயோ ஏற்காட்டில் உட்கார்ந்து எடுத்திருக்கிறாய். அதனால்தான் இதை எழுத வேண்டி வந்தது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு 2 வருஷம். ஓம் விதி, டையோடு, டிரான்சிஸ்டர், மல்டிமீட்டர், ஆஸிலோஸ்கோப் எல்லாம் உண்டு. ‘வேலைவாய்ப்புத் திறன்’ என்று தனிப் பாடமே உண்டு. எல்லாவற்றையும் ஒழுங்காகப் படி. ஆனால் செட்டாப் பாக்ஸுக்குள் எறும்பு குடித்தனம் வந்தால் என்ன செய்வது, டிஷ் ஆண்டெனாவில் குரங்கு ஊஞ்சலாடினால் யாரைத் திட்டுவது, வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் பங்களாவில் டிவியை எப்படி எழுப்புவது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இல்லை. புத்தகம் சமவெளியில் எழுதியது.

நாம் இருப்பது கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் மேலே. சேலத்துக்கும் நமக்கும் நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாமான் கெடுவது மேலே, ஸ்பேர் கிடைப்பது கீழே. சேர்வராயன் மலையில் இந்தத் தொழிலின் மொத்தச் சரித்திரமும் இவ்வளவுதான்.

தமிழில் ‘பொறி’ என்ற சொல்லைக் கவனித்திருக்கிறாயா? இயந்திரமும் பொறி, நெருப்புத் துளியும் பொறி, எலி பிடிப்பதும் பொறி, மனிதனுடைய கண்ணும் காதும்கூடப் பொறி. நம் முன்னோர்களில் யாரோ ஒருவர் ரிப்பேர் கடை வைத்திருந்திருக்க வேண்டும் என்பது என் சந்தேகம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐந்தைச் சொல்லி வைத்தார்கள். இந்த ஐந்தும் பழகினால் தொழில் வந்துவிடும். வரிசையை மட்டும் நான் மாற்றியிருக்கிறேன். மெய்யைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

தொடங்கும் முன்

முதலில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டு. எங்கே மாட்டுவது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரில் எந்த இடம் முதலில் ஓதம் காக்கிறதோ அந்த இடத்தில் மாட்டு. சுவரின் மானமும் காப்பாற்றப்படும், இரண்டு மழைக்காலத்தில் சான்றிதழ் பழுப்பேறி நீ அனுபவசாலி போலவும் தெரிவாய்.

‘ஜி.டி.நாயுடு என்ன படித்தார்?’ என்று கேட்டுவிட்டுச் சான்றிதழ் இல்லாமலே கடை திறக்கும் கூட்டமும் உண்டு. கோவைக்காரர் அவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், ஹோட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை வாங்கியவர், அதைப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றவர். எல்லாம் சரி. அந்தக் கதையில் எல்லாரும் விட்டுவிடும் ஒரு வரி, பிரித்ததை அவர் திரும்ப மாட்டினார் என்பது. பிரிக்கிற திறமை இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவரிடம் இருக்கிறது. அவர்கள் பிரித்ததைத்தான் உன்னிடம் கொண்டுவருவார்கள், ஸ்க்ரூக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி.

சாமான்கள்: 25 வாட் சால்டரிங் அயன், ஈயம், பேஸ்ட், ஈயம் உறிஞ்சும் பம்பு, மல்டிமீட்டர், டெஸ்டர், லென்ஸ், பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு சீரிஸ் பல்பு. கடைசியில் சொன்னதைப் பற்றிப் பிறகு விரிவாகப் பேசுவோம். அதுதான் குலதெய்வம்.

கண்

எந்தச் சாமான் வந்தாலும் உடனே திறக்காதே. மூன்று நிமிஷம் சும்மா உற்றுப் பார். நெற்றியைச் சுருக்கு. வைத்தியர் நாடி பிடிக்கும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை அல்லவா, அந்த மரியாதை உனக்கும் கிடைக்கும். மூன்றாவது நிமிஷ முடிவில் ‘ம்ஹூம்’ என்று ஒரு சத்தம் கொடு. கூலியில் பாதி அந்த ‘ம்ஹூம்’முக்குத்தான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சும்மா பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் நிஜமாகவே பழுது கண்ணில் பட்டுவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

முதலில் கண்டன்சர் பட்டது. பவர் சப்ளையில் சின்ன டப்பாபோல் நிற்குமே, அது. நல்ல கண்டன்சரின் தலை தட்டையாக இருக்கும், மேலே சிலுவைபோல் கீறல் இருக்கும். உள்ளேயிருக்கும் திரவம் சூட்டில் வாயுவாகி முட்டும்போது அந்தத் தலை பணியாரம்போல் உப்பிவிடும். வெடிக்காமல் வாயு வெளியேறத்தான் அந்தக் கீறல். பணியாரம் தெரிந்தால் மாற்று. தட்டையாக இருக்கிறது என்பதற்காக நல்லது என்று நம்பிவிடாதே, உப்பாமலே உலர்ந்து போனவையும் உண்டு. மனிதர்களிலும் அப்படித்தான்.

அடுத்து ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகள். கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4,700 ஓம். அதே சிவப்பு சூட்டில் வெளுத்து ஆரஞ்சாகத் தெரிந்தால் 47,000 ஓம். ஒரு நிறம் தப்பினால் பத்து மடங்கு தப்பு. பனிமூட்டத்தில் மதியம் 3 மணிக்கே விளக்குப் போடும் ஊரில் இந்தத் தப்பு சுலபம். சந்தேகம் வந்தால் மீட்டரை வைத்து அள. ஏற்காட்டு ஆரஞ்சைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆரஞ்சு தெரியாதா என்று வீம்பு பிடிக்காதே.

இப்போது வரும் போர்டுகளில் கோடும் கிடையாது, காலும் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலத்தில் உதிரிப்பாகங்கள் வந்துவிட்டன. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது இவற்றுக்குப் பொருந்தும். ஆனால் கடுகு கீழே விழுந்தால் தேடி எடுத்துவிடலாம். பனிக்காலத்தில் தும்மல் வந்தால் அயனைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, வாசலுக்குப் போய்த் தும்மு.

கண்ணுக்கு இன்னொரு பாடம் உண்டு. போர்டில் எந்த ஈயம் கம்பெனியில் வைத்தது, எந்த ஈயம் உனக்கு முன்னால் வந்தவர் வைத்தது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். இந்த வித்தையில் நமக்கு ஏற்காட்டிலேயே ஒரு முன்னோடி இருந்தார். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர். 1863-ல் பல்லாவரத்தில் கிடந்த கற்களுக்கு நடுவில் ஒன்றை எடுத்து, இது தானாக உடைந்த கல் அல்ல, ஆதி மனிதன் கைபட்டுச் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டவர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். அவர் கல்லில் பார்த்ததை நீ போர்டில் பார்க்க வேண்டும். கைபட்ட இடம் தெரிந்தால் பாதிப் பழுது தெரிந்த மாதிரி. ஆதி மனிதனின் கைவேலை சுத்தமாக இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மூக்கு

பெட்டியைத் திறந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் ஒரு தடவை இழு. பார்க்கிறவர்கள் மிரண்டுபோவார்கள். நல்லதுதான், மிரண்டவர்கள் பேரம் பேச மாட்டார்கள். இங்கேயும் அதே ஆபத்து. முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்குக்கு விவரம் வந்துவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர் சுருள் கருகினால் வார்னிஷ் வாடை. பிளக்கும் சுவிட்சும் சூடேறினால் மீன் வாடை. கண்டன்சர் ஒழுகினாலும் ஏறக்குறைய மீன்தான். சைவ வீட்டில் ‘எங்கிருந்தோ கருவாட்டு வாசம் வருதுங்க’ என்று கூப்பிட்டால் சிரிக்காதே. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடு, பிளக் பாயிண்ட் உருகிக்கொண்டிருக்கும்.

இந்த ஊரில் மூக்குக்குச் சோதனைகள் அதிகம். கோடை மழை ஒன்று விழுந்ததும் தோட்டமெல்லாம் காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல் மணக்கும். அந்த நாட்களில் மூக்கை நம்பி எந்த முடிவும் எடுக்காதே. காப்பிக்கொட்டை வறுக்கிற வீட்டுக்குள் நின்று ‘ஏதோ கருகுதுங்க’ என்று சொல்லி நான் பட்ட அவமானம் ஒன்று இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

அழுகல் வாடை என்றால் பல்லி. இன்வெர்ட்டர் பெட்டி இளஞ்சூடாக இருக்கும், வெளியே குளிர், பல்லிக்கு அதைவிட நல்ல சத்திரம் வேறெது? உள்ளே போய் இரண்டு முனைகளுக்கு நடுவில் படுத்துப் பாலமாகிவிடும். பல்லி தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது. இன்வெர்ட்டர் போர்டில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. நான் சொல்கிறேன், குறித்துக்கொள்: வீட்டுக்காரருக்குப் பொருள் விரயம், மெக்கானிக்குக்குத் தன லாபம், பல்லிக்கு மோட்சம்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. சால்டர் புகை சாம்பிராணிப் புகை அல்ல. பேஸ்ட்டில் இருப்பது பைன் மரப் பிசின். வருஷக்கணக்கில் அந்தப் புகையைக் குடித்தால் இளைப்பு வரும். குளிருகிறது என்று கதவை அடைத்துக்கொண்டு ஈயம் வைக்காதே, சின்ன ஃபேன் ஒன்றைப் பக்கவாட்டில் ஓட விடு. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மிளகாய் பஜ்ஜியைத் தொடாதே. பஜ்ஜி எவ்வளவு சூடாக இருந்தாலும் சரி.

செவி

ஓடுகிற சாமான் எல்லாம் பேசும். டிரான்ஸ்ஃபார்மர் ‘உம்ம்’ என்று முனகினால் இயல்பு, உறுமினால் உள்ளே தகடு தளர்ந்திருக்கிறது அல்லது சுமை அதிகம். பவர் சப்ளை ‘டிக்... டிக்... டிக்’ என்று விக்கினால் அது சாகவில்லை, எழுந்திருக்கப் பார்க்கிறது, முன்னால் ஏதோ ஷார்ட் ஆகி அதை அமுக்குகிறது. சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டதும் ஸ்டெபிலைசர் ‘டக், டக்’ என்று படியேறுகிறதா? கோளாறு உன் மேஜையில் இல்லை, கம்பத்தில் இருக்கிறது.

சாமானைவிடக் கஷ்டமான பாஷை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் பாஷை. அதற்கு நான் பல வருஷம் உழைத்துத் தொகுத்த சிற்றகராதி கீழே:

‘நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, தானா நின்னுடுச்சு’ — கத்தியால் திறந்து பார்த்தாகிவிட்டது.

‘லேசா தண்ணி பட்டுச்சு’ — வாளிக்குள் விழுந்தது.

‘மச்சான் கொஞ்சம் பாத்தாரு’ — நான்கு ஸ்க்ரூவும் ஒரு ஸ்பிரிங்கும் இல்லை.

‘சும்மா லூஸ் கான்டாக்ட்தானுங்க’ — காசு கொடுக்கும் உத்தேசம் இல்லை.

‘அவசரமே இல்ல, மெதுவா பாருங்க’ — இன்று சாயங்காலம் கிரிக்கெட் மேட்ச்.

‘இடி இடிச்சப்பவே ஆஃப் பண்ணிட்டோமுங்க’ — சுவிட்சை அணைத்தார்கள், பிளக்கைப் பிடுங்கவில்லை, டிஷ் கேபிளைத் தொடவே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியம் ஏற்காட்டின் தேசிய கீதம். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் மறுநாள் காலை கடை வாசலில் வரிசையாகக் கேட்கும். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்: வானத்திலிருந்து மைல்கணக்கில் தாவி வருகிற மின்னலுக்குச் சுவிட்சுக்குள் இருக்கிற சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. வீட்டின் மேல் நேராக விழவும் தேவையில்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே கரண்ட் கம்பியிலும் டிஷ் கேபிளிலும் வீச்சு ஏறி உள்ளே வந்துவிடும். பெட்டியைத் திறந்தால் வாசலிலேயே காவலாளி செத்துக் கிடப்பான். வேரிஸ்டர் என்று பெயர், வட்ட வில்லை, பாதியாகப் பிளந்து கரியாகியிருக்கும். வோல்ட்டேஜ் எகிறினால் தன் உடம்பைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பது அவன் உத்தியோகம். சில நாள் அவன் சாவுக்குப் பலன் இருக்கும், அவனையும் ஃபியூஸையும் மாற்றினால் போதும். சில நாள் கோட்டையே விழுந்திருக்கும்.

அகராதியை வைத்துக்கொண்டு எல்லாரையும் சந்தேகப்படாதே. ‘நேத்து ராத்திரி சீரியல் முடியற வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, இன்னிக்குக் காலைல கூட்டிட்டு, இந்த மூலைக்கு நகர்த்தி வெச்சோம்’ என்று ஒருவர் தானாகச் சொன்னால் மீட்டரைக் கீழே வை. அவரே மீட்டர். நகர்த்தியதில் எந்த ஒயர் இழுபட்டது என்று மட்டும் பார்.

வாய்

மெக்கானிக்குக்கு வாய்தான் மூலதனம் என்று சொல்வார்கள். அதில் இரண்டே சொற்கள் இருந்தால் போதும். முதல் சொல் ‘போர்டு’. இரண்டாவது சொல் ‘நாளைக்கு’.

‘போர்டு போயிடுச்சுங்க’ என்பதற்கு மறுப்பே கிடையாது. எந்தப் போர்டு, எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. டிவி, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் போர்டு இருக்கிறது. போர்டே இல்லாத சாமானிலும் போர்டு போயிருக்கிறது என்று சொல்லிப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். முகத்தில் மட்டும் கொஞ்சம் துக்கம் வேண்டும்.

‘நாளைக்கு’ என்பது காலத்தைக் குறிக்கும் சொல் அல்ல, தூரத்தைக் குறிக்கும் சொல். ‘ஸ்பேர் சேலத்துல இருந்து வரணுங்க’ என்றால் ஒரு நாளைக்கு. ‘சேலத்துலயே இல்லைங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சொல்லியிருக்கேன்’ என்றால் ஒரு வாரத்து நாளைக்கு. ‘மலைப்பாதையில மண் சரிஞ்சிருக்காம்’ என்றால் அது முடிவில்லாத நாளைக்கு. சமவெளி மெக்கானிக்குக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அவன் நேரடியாகப் பொய் சொல்லியாக வேண்டும். நமக்கு 20 வளைவுகள் இருக்கின்றன, ஒவ்வொரு வளைவிலும் ஒரு காரணம் நிற்கிறது.

இந்த இரண்டு சொல்லோடு நான் சுகமாக இருந்த காலத்தில் சேலத்திலிருந்து இங்கே வாழ வந்த ஒரு பெண் எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வந்தார். அம்மா வீட்டுச் சீர். ‘அண்ணா, அங்க பூ மாதிரி வெந்துச்சு. இங்க வந்ததுல இருந்து நடுவுல அரிசி அரிசியாவே நிக்குது. மாமியா என் கைப்பக்குவத்தச் சொல்றாங்க.’

திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அன்று நான் செய்திருக்க வேண்டியது என்ன? தெர்மோஸ்டாட் போயிடுச்சு, நாளைக்கு வாங்க என்றிருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் அரிசி வேகாது, மறுபடி வருவார், மறுபடி மாற்றலாம். ஒரு குக்கரை வைத்து வருஷம் ஓட்டலாம்.

கெட்ட நேரம், குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அடித்தட்டின் நடுவில் ஒரு காந்தம் இருக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கிறவரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு மளமளவென்று ஏறும், 103 டிகிரி வாக்கில் அந்தக் காந்தம் பிடியை விட்டுவிடும், ‘டக்’ என்று சுவிட்ச் கீழே விழும். சேலத்தில் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. ஏற்காட்டில் காற்றழுத்தம் குறைவு, 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அரிசிக்கு ஐந்து டிகிரி பாக்கி. அந்தப் பாக்கியை நேரத்தால்தான் கட்ட வேண்டும். தண்ணீரோ அதற்குள் வற்றிவிடுகிறது.

‘குக்கரும் நல்லா இருக்குது, உங்க கையும் நல்லா இருக்குது. மலைதாம்மா காரணம். அரை மணி நேரம் ஊற வெச்சு, அரை டம்ளர் தண்ணி கூட ஊத்துங்க’ என்றேன். ஒரு தெர்மோஸ்டாட் வியாபாரம் போயிற்று. அந்த வீட்டு மாமியாரும் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மெய்

கடைசிப் பொறி. மெய் என்றால் முதலில் உடம்பு.

கரண்ட் இருக்கும் சாமானைத் தொடும்போது இடது கையைப் பாக்கெட்டுக்குள் விடு. பார்க்க அலட்சியமாகத் தெரியும், ஸ்டைல் என்று நினைப்பார்கள். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும் என்பதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன் என்று தைரியமும் படாதே. 230 வோல்ட் மாறுமின்சாரம் பவர் சப்ளைக்குள் போய் நேர்மின்சாரம் ஆகும்போது 320 வோல்ட்டுக்கு மேல் கண்டன்சரில் தேங்கி நிற்கும். பிளக் பிடுங்கியது அதற்குத் தெரியாது. ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் தட்டிப் ‘பட்’டென்று பொறி பறக்க விடுவது சினிமாவுக்கு நன்றாக இருக்கும். நீ ஒரு ரெசிஸ்டரையோ பல்பையோ வைத்து மெதுவாக இறக்கு.

பழைய குண்டு டிவி என்றால் இன்னும் பயம் வேண்டும். 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டத்தில் வந்த பெட்டிகள் சில மலைக் கிராமங்களில் இன்னும் தூங்குகின்றன. பிக்சர் டியூபின் முதுகில் ரப்பர் குல்லா போட்ட ஒயர் ஒன்று போகும். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல். ஒருமுறை அது என்னைத் தொட்டது. நான் விழுந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு டீ கிளாஸ், என் கௌரவம் மூன்றும் இருந்தன. மூன்றும் உடைந்தன.

உடம்புக்கு அடுத்த வேலை கூரை ஏறுவது. டிஷ்ஷுக்கும் வாஸ்து உண்டு, அக்னி மூலை. நம் வானத்தில் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள்களைப் பிடிக்க டிஷ் தென்கிழக்கே பார்த்து, தலையை நன்றாக நிமிர்த்தியிருக்க வேண்டும். அந்தத் திசையில் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் ஒன்று நிச்சயம் நிற்கும். போன வருஷம் சிக்னல் வந்தது, இந்த வருஷம் வரவில்லை என்றால் பாக்ஸ் கெடவில்லை, மரம் வளர்ந்திருக்கிறது.

2010 ஜூலையில் அதே இடத்தில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் சூரியத் தகடு ஒன்றில் மின்கோளாறு. பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைக்க வேண்டியதாயிற்று. சேனல்கள் இரண்டு பாகை தள்ளியிருந்த மலேசியச் செயற்கைக்கோளுக்கு இடம் மாற, மலை முழுக்க டிஷ்களைத் தெற்கே ஒரு சிட்டிகை திருப்ப வேண்டும் என்றார்கள். நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை என்று கூரை கூரையாக ஏறினேன். மேலே 36,000 கிலோமீட்டரில் ஒரு தகடு கெட்டதற்குக் கீழே என் முழங்கால் தேய்ந்தது. வானத்துக் கிரகங்கள் மனித வாழ்வைப் பாதிக்காது என்று யாராவது சொன்னால் அவர்களை என்னிடம் அனுப்பு.

இப்போது குலதெய்வம். சீரிஸ் பல்பு. ஒரு பலகை, ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், 100 வாட் குண்டு பல்பு. சாமானுக்குப் போகும் கரண்ட் இந்தப் பல்பைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், சாமானுக்குச் சேதமில்லை. நல்லதாக இருந்தால் ஒருமுறை பளிச்சென்று மின்னி மங்கிவிடும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை சூடாகச் சூடாகத் தடை ஏறுகிற பழைய குண்டு பல்புதான் வேண்டும். கடைகளில் அரிதாகிவிட்டது. கிடைத்தால் நான்கு வாங்கி, தங்கம்போல் பஞ்சில் சுற்றி வை.

இதன் அருமை தெரிய மே மாதம் வர வேண்டும். கோடை விழா நெருங்கும்போது பூட்டிக் கிடந்த பங்களாக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். சென்னையிலிருந்து குடும்பம் வந்து இறங்கும். மாதக்கணக்கில் பனி குடித்த டிவியின் சுவிட்சைக் குழந்தை போடும். ‘டப்.’ அப்புறம் உனக்கு போன். விவரமான சிலர் போடும் முன்னே கூப்பிடுவார்கள். போனதும் பின்மூடியைக் கழற்று. போர்டில் வெள்ளைப் பூசணம், ஓரத்தில் எறும்பு முட்டை. பிரஷ்ஷால் தட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடை, வீட்டில் இருக்கும் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார். அவர்கள் பொறுமை இழப்பார்கள். இழக்கட்டும். பிறகு சீரிஸ் பல்பில் போடு. பல்பு மின்னி, மங்கி, டிவியின் சிவப்புப் புள்ளி கண் விழிக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்தத் தொழில்.

ஆக, உடம்பு முடிந்தது. ஆனால் மெய்க்கு இன்னொரு பொருள் இருக்கிறது, தம்பி. அதைத்தான் கடைசிக்குத் தள்ளி வைத்தேன்.

ஒரு நாள் கொட்டச்சேடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா கோணிப்பையில் சுற்றிய மிக்ஸியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். 2011-ல் அரசு ஆரம்பித்த விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தது. ‘மொளகு அரைச்சிட்டிருந்தேன் சாமி, பட்டுனு நின்னுடுச்சு.’ மிக்ஸியைக் கவிழ்த்தேன். அடியில் சின்னச் சிவப்புப் பட்டன், வெளியே துருத்திக்கொண்டு நின்றது. சுமை அதிகமானால் தானாக வெளியே வந்து மோட்டாரைக் காப்பாற்றும் பட்டன். உள்ளே அமுக்கினால் வேலை முடிந்தது.

ஒரு நொடி யோசித்தேன். கண் ‘ம்ஹூம்’ சொல்லத் தயார். வாய் ‘போர்டு’க்குத் தயார். 20 வளைவும் ‘நாளைக்கு’க்குத் தயார். அந்தம்மா பஸ்ஸுக்குக் கொடுத்த காசு, விட்டுவிட்டு வந்த தோட்டக் கூலி இதெல்லாம் ஞாபகம் வந்து தொலைத்தது. பட்டனைக் காட்டி, ‘இது வெளிய வந்தா கொஞ்ச நேரம் ஆற விட்டு நீங்களே அமுக்கிக்கலாங்கம்மா’ என்றேன். அமுக்கினேன். ஓடியது.

‘எவ்ளோ சாமி?’

‘ஒண்ணும் வேண்டாங்கம்மா.’

முகம் மாறியது. ‘காசு வாங்காத ரிப்பேரு நிக்காது’ என்று முந்தியிலிருந்து 20 ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். மிக்ஸியைத் திரும்பக் கோணியில் சுற்றினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

‘கேரண்டி உண்டா?’

‘எதுக்குங்கம்மா? பட்டனுக்கா?’

‘நீ சொன்ன பேச்சுக்கு.’

ஓதம் காத்த சுவரில் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அப்படி ஒரு பாடம் எழுதியிருக்கவில்லை. உண்டு என்றுதான் சொன்னேன். அந்தக் கேரண்டிக்கு எத்தனை மாதம் என்று அந்தம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.